ஸ்லைடில் உள்ள படங்களைத் திரைவாசிப்பான் ஒழுங்காகப் படிக்க என்ன செய்ய வேண்டும்?

நீலவானம் கேட்டது:
பவர்பாயிண்டில் 30 ஸ்லைடுகள். புகைப்படங்கள், இரண்டு சார்ட்டுகள், அம்புக்குறிகள் போட்டு வரைந்த ஒரு செயல்முறைப் படம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை) கொடுத்தாகிவிட்டது. பவர்பாயிண்டில் உள்ள அக்செஸிபிலிட்டி செக்கரும் (அணுகல் குறைகளைத் தேடும் கருவி) பிழை காட்டவில்லை. ஆனால் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் கேட்டால் படம் முதலில் வருகிறது, தலைப்பு கடைசியில் வருகிறது. செயல்முறைப் படத்தில் "அம்பு, அம்பு, செவ்வகம்" என்று அடுக்கிக்கொண்டே போகிறது. எங்கே தவறு? சார்ட்டுக்கு எவ்வளவு எழுதலாம்? பிடிஎஃப் ஆகவும் கொடுக்க வேண்டும்.

கல்தூண்:
மாற்று உரையைப் பொறுத்தவரை, அது இருக்கிறதா என்றுதான் செக்கர் முக்கியமாகப் பார்க்கும். அதில் உளறி வைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

தலைப்பு கடைசியில் வருவதற்குக் காரணம் அடுக்கு வரிசை. ஸ்லைடில் அடியில் கிடக்கும் பொருளைத்தான் திரைவாசிப்பான் முதலில் படிக்கும். கண்ணுக்கு அது எந்த மூலையில் தெரிகிறது என்பது பொருட்டே இல்லை. பிறகு சேர்த்த எதுவும் மேலே போய் உட்காரும், அதனால் கடைசியில் வரும். ஆல்ட் + எஃப்10 அழுத்தினால், ஸ்லைடில் உள்ள பொருட்களைப் பட்டியலிடும் செலக்‌ஷன் பேன் திறக்கும். அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: தலைப்பு ஆகக் கீழே, அதற்கு மேல் உரை, அதற்கும் மேல் படம். புதிய பதிப்புகளில் ரீடிங் ஆர்டர் பேன் என்று இன்னொன்று உண்டு; அதில் மேலிருப்பதுதான் முதல். இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடுவது வழக்கமான விபத்து. பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், வரிசையை மாற்றும்போது ஏதாவது மறைந்துபோகும். அப்போது இடத்தையும் நகர்த்த வேண்டும்.

தலைப்பை டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதியிருந்தால் அது தலைப்பே இல்லை. லேஅவுட்டில் வரும் தலைப்புப் பெட்டியில் எழுதுங்கள்; ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேறு வேறு தலைப்பாக.

மழைத்துளி:
மாற்று உரை பற்றி. "படம்", "புகைப்படம்" என்று தொடங்காதீர்கள், அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். ஒன்றிரண்டு வாக்கியம் போதும். அந்த ஸ்லைடில் அந்தப் படம் எதற்காக இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஒரே இலைப் படம் நோயைக் காட்ட வந்தால் "இலையின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள்". வெறும் அலங்காரம் என்றால் டெகரேட்டிவ் என்று குறித்துவிட்டு நகருங்கள். தானாக உருவாகும் விவரிப்பை அப்படியே விடவே கூடாது. பல நேரம் அது "வெளிப்புறம், செடி" என்பதோடு நின்றுவிடும்.

சார்ட்டுக்கு எண்களையெல்லாம் மாற்று உரையில் திணிக்காதீர்கள். அது ஒரே மூச்சில் ஓடும். அட்டவணையில் போலக் கட்டம் கட்டமாகத் திரும்பிப் போய்க் கேட்க வழியில்லை. "மாத விற்பனை: ஜனவரியில் 40, மே மாதம் 65 வரை ஏற்றம், ஜூனில் 50-க்குச் சரிவு" போதும். முழு எண்கள் அடுத்த ஸ்லைடில் உண்மையான அட்டவணையாகவோ, ஸ்பீக்கர் நோட்ஸிலோ இருக்கட்டும். ஸ்லைடு ஷோவில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தினால் என்விடிஏ நோட்ஸைப் படிக்கும். அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கல்தூண்:
செயல்முறைப் படத்துக்கு: எல்லா வடிவங்களையும் தேர்ந்து கன்ட்ரோல் + ஜி, பிறகு குழுவுக்கு மட்டும் மாற்று உரை. குழுவைப் பிரித்தால் அந்த உரை போய்விடும், எனவே திருத்தங்களை முடித்துவிட்டுக் கடைசியில் எழுதுங்கள். குழுவாக்கியும் உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியாகப் படித்தால், குழுவைப் படமாகச் சேமித்து அந்தப் படத்தை ஒட்டுங்கள். மூலத்தை வேறு கோப்பில் வைத்திருங்கள், படத்தைத் திருத்த முடியாது. படிகளை எண்ணிட்ட பட்டியலாகவும் ஸ்லைடில் எழுதிவிட்டால் மாற்று உரை ஒரு வரியில் முடிந்துவிடும்.

பிடிஎஃப்-க்குப் பிரிண்ட் வழியாகப் போகாதீர்கள். டேக்குகள் (எது தலைப்பு, எது படம் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிகள்) எல்லாம் உதிர்ந்து மாற்று உரையும் காணாமல் போகும். சேவ் ஆஸ், பிடிஎஃப், ஆப்ஷன்ஸ்; அதில் டாக்குமெண்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும்.

நீலவானம்:
வரிசை சரியாகிவிட்டது, நன்றி. தமிழில் எழுதிய மாற்று உரை வரும் இடத்தில் மட்டும் சத்தமே இல்லை, அது ஏன்?

மழைத்துளி:
ஆங்கிலக் குரல் ஓடிக்கொண்டிருக்கும். பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் தாண்டிப் போய்விடும். என்விடிஏ-வுடன் வரும் ஈஸ்பீக் என்ஜியில் தமிழ்க் குரல் இருக்கிறது, அதைத் தேர்ந்து சோதியுங்கள். ஸ்லைடு உரைக்கு ரிவ்யூ தாவலில் மொழியைக் குறிக்கலாம். மாற்று உரைக்கு அப்படித் தனியாகக் குறிக்க இடமில்லை, ஆகவே அதில் இரண்டு மொழியைக் கலக்காமல் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பகுதி எங்காவது இருந்தால் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் காதில் விழும். அதை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.