வல்லம் கட்டிய வீட்டில் கிட்டார் செய்கிறார்கள்

உச்சிப்புளியிலிருந்து:

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கிட்டார் செய்கிறவர்களை, வாசிக்கிறவர்களைப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணன் கையாலேயே நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் செய்கிறார். அவர் அப்பா மண்டபம் ஊரில் வல்லம் என்கிற நாட்டுப்படகு கட்டிய ஆசாரி. நான் போன அன்று பக்கப் பலகை வளைத்துக்கொண்டிருந்தார்கள். ஈட்டி மரம், கனம் 2 மி.மீ.தான். ஈரத்துணியால் துடைத்து, சூடேற்றிய இரும்புக் குழாய் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். இடுப்பு வளைவு வரும் இடத்தில் பலகை முரண்டு பிடித்தது. திண்ணையிலிருந்த அப்பா, "சூடு பத்தலடா, இன்னுங் கொஞ்சம் பிடி" என்றார். ஆவி எழும்புவதைப் பார்த்தே அவருக்குத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் பலகை தானாக இறங்கிக் கொடுத்தது. பட்டறை முழுக்க ஈட்டி வாசனை.

முகப்புப் பலகை மட்டும் ஸ்ப்ரூஸ் என்கிற வெளிநாட்டு மரம். கொஞ்சம் இழைப்பார், இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டிக் கேட்பார், மறுபடி இழைப்பார். 2.5 மி.மீ. பக்கம் வரும்போது கட்டையான சத்தம் போய் நீண்டு ஒலிக்கிறது. அதன் அடியில் ஏழு மெல்லிய சட்டங்களை விசிறி மாதிரி விரித்து ஒட்டுகிறார். ஸ்பெயின்காரர் அந்தோனியோ டி தோரெஸ் 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய அமைப்பு. உலகம் முழுக்க இன்றும் பெரும்பாலும் அந்த வழிதான்.

இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்று. ஒட்டும்போது அறையின் ஈரப்பதம் 45-50 சதவீதம் இருந்தால் நல்லது. கடற்காற்றில் மரம் ஊறிக் கிடக்கும்போது ஒட்டிவிட்டு, அந்தக் கிட்டாரை மதுரையில் ஒரு ஏசி ஹாலுக்குக் கொண்டுபோனால் முகப்பு சுருங்கிக் கீறல் விட்டுவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டு வேலையே கிடையாது; கழுத்து செதுக்குவதோடு சரி. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கத் தொடங்கியதும் அறையை அடைத்து, ஏசி போட்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஒட்டுகிறார். கடையில் வாங்கிய கிட்டார் நம்ம ஊரில் ஏன் சீக்கிரம் வயிறு உப்புகிறது என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

தங்கச்சிமடத்திலிருந்து:

அந்த அண்ணன் செய்த கிட்டார் ஒன்று எங்கள் பாடகர் குழுவில் இருக்கிறது. திருவிழா நாளில் கீபோர்டுக்கும் பேடுக்கும் நடுவில் நைலான் கம்பி எடுபடாது. மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் கும்மென்று அடிக்கும். கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள், தெளிவாகக் கேட்கும்.

ஆனால் அதன் சுகமே பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், கட்டைவிரலில் பேஸும் மற்ற விரல்களில் மெட்டுமாக மாதா பாட்டைத் தனியாகவே வாசிப்பார். கிளாசிக்கல் வாசிக்கிறவர்கள் வலது கை நகம் வளர்ப்பார்கள். வலை இழுக்கிற கையில் நகம் எங்கே நிற்கும்? அவர் விரல் சதையாலேயே மீட்டுகிறார். சத்தம் குறைவு, ஆனால் ஒவ்வொரு சுரமும் உருண்டு வருகிறது. அதைக் கேட்டபின் எனக்குப் பிக் வைத்து அடிக்கும் ஆசையே போய்விட்டது.

பாம்பனிலிருந்து:

கேரல்ஸுக்கு முந்தின ராத்திரி எங்க கிட்டாரில் முதல் கம்பி அறுந்துபோச்சு. கடையெல்லாம் மூடியாச்சு. மாமா தூண்டில் பெட்டியைத் திறந்து 0.70 மி.மீ. தங்கூசியில், அதான் நைலான் தூண்டில் நூலில், ஒரு பாகம் வெட்டிக் கொடுத்தார். புதுக் கம்பி இழுபடுவது நிற்கிறவரை பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க வேண்டியிருந்தது, மத்தபடி அருமையா ஒலிச்சது. முன்பெல்லாம் ஆட்டுக் குடல் நரம்புதான் கம்பி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது கிடைக்காமல் போனதால்தான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் முயன்றார். ஸ்பெயின் கிட்டார் கலைஞர் செகோவியா வாசித்து அதை உலகம் ஏற்றுக்கொண்டது. பேஸ் கம்பிகளில் உலோகச் சுற்று இருக்கு, உப்புக்காற்றில் கறுக்கும். வாசிச்சு முடிச்சதும் துடைச்சு வையுங்க.

ஏர்வாடியிலிருந்து:

ஈட்டி விலை கட்டுப்படியாகுமா அண்ணே? நம்ம ஊர் மரத்தில் செய்ய முடியாதா?

உச்சிப்புளியிலிருந்து:

முடியும் தம்பி. ஹவாயில் உகுலேலே என்கிற நாலு கம்பிச் சின்னக் கிட்டார் செய்யும் மரங்களில் நம்ம பூவரசும் ஒன்று. அண்ணன் ஒரு பழைய பூவரசுத் தடியை அறுத்து நிழலில் அடுக்கி வைத்திருக்கிறார். வைரம் நல்ல சாக்லேட் நிறம். தட்டினால் ஈட்டி போலக் கணீரென்று இல்லை, கொஞ்சம் அடங்கித்தான் ஒலிக்கிறது. அவர் அசரவில்லை. "தோரெஸ் 1862லயே பக்கமும் முதுகும் காகித அட்டையில செஞ்சு காட்டிட்டாரு. முகப்பு நல்லா அமையணும் தம்பி" என்கிறார். கச்சான் வந்ததும் ஒட்டுவார். தங்கச்சிமடத்து நண்பரே, அந்தப் பெரியவரிடம் சொல்லிவையுங்கள். முதலில் அவர்தான் வாசிக்க வேண்டும்.