புதுப்பிப்பு: இரண்டு வட்டம், ஒரே தூரம்

ஒரே மையத்தில் ஒட்டிய பெரிய வட்டமும் சின்ன வட்டமும், பெரியது தரையில் வழுக்காமல் ஒரு சுற்று உருளும்போது, ஒரே தூரம் நகர்கின்றன. அப்படியானால் சுற்றளவும் சமமா? போன பதிவில் கேட்டது இதுதான். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் புதிர்.

ஓட்டை எங்கே என்றால், சின்ன வட்டம் தன் அடியில் இருப்பதாக நினைக்கும் கோட்டில் வெறுமனே உருளவில்லை, கூடவே வழுக்குகிறது. ஆரம் 20 செ.மீ., 10 செ.மீ. என்று வைப்போம். நகர்வு சுமார் 126 செ.மீ.; சின்னதன் சுற்றளவு 63தான். மீதி இழுபட்ட தூரம். பெரியதன் அடிப்புள்ளி தரையைத் தொடும் கணத்தில் அசையாது. சின்னதன் அடிப்புள்ளியோ அப்போதும் மையத்தின் பாதி வேகத்தில் முன்னே போகிறது!

அப்புறம், 1638-ல் கலிலியோ வட்டத்துக்குப் பதிலாக அறுகோணத்தை எடுத்துக்கொண்டது அபாரம். பெரியது உருள, உள்ளே இருக்கும் சின்னது ஒவ்வொரு திருப்பத்திலும் கோட்டில் இடைவெளி விட்டுத் தாவுவது கண்ணுக்கே தெரியும். வரைந்து பாருங்கள்.