ஈரக்கழிவை உரமாக்கினால் குப்பைக் கட்டணம் குறையுமா?

எருக்குழி:
குப்பைக் கட்டணத்தைக் குறைக்க வழி கேட்பவர்கள் முதலில் சமையலறைக் கழிவை உரமாக்கத் தொடங்கட்டும். காய்கறி, பழக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை லாரி சுமந்து போகத்தான் காசு கட்டுகிறோம்.

கணக்கன்:
எடைக்குக் கட்டணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். தொட்டி அளவுக்கோ பை எண்ணிக்கைக்கோ கட்டணம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். ஈரக்கழிவு கனக்கும், ஆனால் இடத்தை அடைக்காது. 5 கிலோ ஈரக்கழிவு 10 லிட்டர் அளவில் அடங்கிவிடும். நசுக்காத பிளாஸ்டிக் பாட்டில் ஒரு கிலோ சேர்ந்தாலே அதைப்போல நான்கைந்து மடங்கு இடம் போகும். தென்கொரியாவில் 1995 முதல் பையின் கொள்ளளவுக்குத்தான் காசு. உணவுக்கழிவுக்குத் தனிக் கணக்கு. எதை அளந்து வசூலிக்கிறார்கள் என்று ரசீதைப் பார்க்காமல் உரத்தொட்டி வாங்குவது வீண்செலவு. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்றால், எவ்வளவு குறைத்தாலும் கட்டணம் இறங்காது.

எருக்குழி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். வாராவாரம் குப்பை எடுக்கச் சொல்வது எதற்காக? நாற்றத்துக்காக. ஈரம் போய்விட்டால் மிச்சக் குப்பை மூன்று வாரம்கூடத் தொட்டியில் கிடக்கலாம். எத்தனை முறை எடுக்கிறார்களோ அத்தனைக்குக் கட்டணம் என்றால் அங்கேதான் பெரிய மிச்சம். கொள்ளளவை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

மண்புழு:
இருவரும் உரம் தானாக ஆகிவிடும் என்பதுபோலப் பேசுகிறீர்கள். பலர் முதல் மாதமே கைவிடுகிறார்கள், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காய்ந்த பொருள் போதாது. ஒரு பங்கு ஈரக்கழிவுக்குக் காய்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் என இரண்டு மூன்று பங்கு வேண்டும், எடையில் அல்ல, அளவில். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் உள்ளே காற்று போகவில்லை; அழுகி நாறும். கிளறிவிட்டுக் காய்ந்ததைச் சேர்த்தால் சில நாளில் சரியாகும். ஒவ்வொரு முறையும் மேலே 5 சென்டிமீட்டருக்குக் காய்ந்ததை மூடினால் பழ ஈ வெகுவாகக் குறையும்.

வாளியில் செய்பவர்கள் இறைச்சி, எண்ணெய், பால் பொருள் போட வேண்டாம். குவியல் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் இருந்தால்தான் 55 டிகிரிக்கு மேல் சூடேறி நிற்கும். சிறு வாளியில் அந்தச் சூடு வராது. இரண்டு வாளி வையுங்கள். ஒன்று நிரம்பியதும் மூடி இரண்டு மூன்று மாதம் விட்டுவிட்டு அடுத்ததை நிரப்புங்கள்.

கணக்கன்:
நல்ல விளக்கம். ஆனால் எருக்குழி சொல்லும் மூன்று வாரக் கணக்கு, குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டில் நிற்காது. ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் உரத்தொட்டிக்குப் போகாது. கனமும் அதுதான், நாற்றமும் அதுதான்.

எருக்குழி:
அந்த வீடுகளுக்கு உங்கள் வாதம் சரி. மற்ற வீடுகளுக்கு என் பேச்சில் மாற்றமில்லை.

கணக்கன்:
அப்படியானால் முதலில் அளக்கட்டும். ஒரு வாரம் நான்கு பைகள்: ஈரம், மறுசுழற்சிக்குப் போவது, மற்ற உறைகள், டயப்பர் வகையறா. ஒவ்வொன்றின் எடையையும் லிட்டரையும் குறித்தால் எதில் கை வைப்பது என்று தெரியும். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கினாலே பல வீடுகளில் மறுசுழற்சித் தொட்டி பாதி காலியாகும். குப்பைத் தொட்டிக்குள் ஏறி மிதிக்காதீர்கள். லாரி கவிழ்க்கும்போது குப்பை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மண்புழு:
அளந்த கையோடு சின்னத் தொட்டிக்கு மாறிவிடவும் வேண்டாம். பாதி அளவுத் தொட்டிக்குப் பாதிக் கட்டணம் இருக்காது. லாரிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு அப்படியேதான். அதற்குமேல் மூடி மூடாமல் நின்றால் கூடுதல் கட்டணம் போடும் இடங்களும் உண்டு. இப்போதுள்ள தொட்டியின் உட்புறம், சின்னத் தொட்டியின் கொள்ளளவு வரும் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். விருந்தாளி வரும் வாரமும் சேர்த்து ஒரு மாதம் குப்பை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.