புதுப்பிப்பு: நெப்ராஸ்கா கொள்ளுத்தாத்தா எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிட்டது

என் மாமனாரின் கொள்ளுத்தாத்தா 1880-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியேறியவர். எந்த நாட்டுக்காரர், மனைவி பெயர் என்ன என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.

1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921 தீயில் சேதமாகிப் பின்பு பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அந்த வழி அடைபட்டிருந்தது. "பட்டாவோடு நிற்காதீர்கள், ஹோம்ஸ்டெட் கோப்பையும் கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. (ஹோம்ஸ்டெட் என்பது அரசு நிலத்தில் குடியேறிப் பயிரிடுவோருக்கு அதைச் சொந்தமாக்கிய திட்டம்; அதற்கான விண்ணப்பமும் சான்றுகளும் அடங்கியதுதான் அந்தக் கோப்பு.) பட்டா நில மேலாண்மைத் துறையின் இணையத் தேடலில் இலவசமாகக் கிடைத்தது. அதிலிருந்த செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற நில அளவை எண்களைக் கொடுத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து கோப்பை வரவழைத்தேன்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, குடிமகனோ குடிமகனாக விருப்பம் தெரிவித்தவரோதான் நிலம் கோரலாம். அதனால் குடியுரிமைச் சான்றும் உள்ளே இருந்தது. ஜெர்மனி என்றே குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். அவர் துறந்ததோ ஆஸ்திரியப் பேரரசருக்கான விசுவாசத்தை! அப்புறம், அண்டை வீட்டார் இருவரின் சாட்சியம்: புல்மண் கட்டிகளால் எழுப்பிய வீடு, ஒரு கிணறு, உழுத நிலம் 40 ஏக்கர். படித்துக் காட்டியபோது மாமனார் கண் கலங்கினார்.

எதிர்பாராதது, மனைவி பெயர் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகக் கிரயப் பத்திரத்தில் கிடைத்தது. நிலத்தை விற்கும்போது அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். தேடுபவர்கள் கிரயப் பத்திரங்களுக்கான விற்றவர் பெயர் அட்டவணையை அவசியம் பாருங்கள். குடும்பப் பெயரின் எழுத்துகளையும் மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருந்தது.