எக்ஸ்போஷருக்கு 'வெளிப்பாடு' வேண்டாங்க, 'படுகை'ன்னு வெக்கலாம்

வணக்கமுங்க. எக்ஸ்போஷர்னா வெப்பம், அலை மாதிரி வெளிய இருக்கற ஒண்ணு நம்ம உடம்பு மேல படறதுங்க, அதுக்குத் தமிழ்ல எல்லாருக்கும் பழகிருச்சு, 'வெளிப்பாடு'ன்னே இருக்கட்டும்னு அண்ணா போன மடல்ல எழுதியிருந்தீங்க, எனக்கு அதுல மனசு ஒப்பலைங்க. போன மாசம் சோமனூர்ல சித்தப்பா பையனோட தறிக்குடோனுக்குப் போயிருந்தேன், அவனுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருசம் ஆச்சு, இன்னும் குழந்தையில்லை, டாக்டர்கிட்ட போனப்ப குடுத்த நோட்டீஸை எடுத்துக் காட்டினான், மடிப்பெல்லாம் பஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. 'மின்காந்தப்புல வெளிப்பாடு உள்ள ஆண்களுக்கு விந்தணு குறையலாம்'ங்கற வரியில (மின்காந்தப்புலம்னா போன், கரண்ட்டு மோட்டார் இதையெல்லாம் சுத்தி இருக்கறது) விரலை வெச்சுட்டு, "ஏண்ணா, எம்மேலிருந்து கரண்ட்டு வெளிய போகுதா?"ன்னு கேட்டான். தறிச் சத்தத்துல ரெண்டாவது தடவையும் கேட்டான். அவன் படிச்சது சரிதானுங்களே, வெளிப்படறதுன்னா உள்ள இருக்கறது வெளிய வர்றது.

'தாக்கம்', 'பாதிப்பு' ரெண்டும் ஆகாது, ஆராய்ச்சி முடியறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்ற வார்த்தைங்க அது. 2023ல வந்த சுவிட்சர்லாந்து ஆய்வையே பாருங்க, 2,886 இளைஞர்கள், நாளைக்கு 20 தடவைக்கு மேல போன் எடுக்கறவங்களுக்கு ஒரு மில்லி விந்துல 4.45 கோடி விந்தணு, வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல எடுக்காதவங்களுக்கு 5.65 கோடி, ஆனா நீந்தற திறன்லயும் வடிவத்துலயும் வித்தியாசம் தெரியல, போனை பேன்ட் பாக்கெட்டுல வெச்சாலும் குறைவுன்னு தெரியல. இதை எப்படிங்க 'தாக்கம்'னு எழுதறது? 'கதிர்வீச்சு'ன்னா சனங்க எக்ஸ்ரே, அணுகுண்டுன்னு பயந்துக்கறாங்க, போன் அலைக்கு அணுவுல எலக்ட்ரானைப் பிய்க்கற சக்தி கிடையாது, தறி மோட்டாரைச் சுத்தி இருக்கற 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு 'வீச்சு'ங்கறதே பொருந்தாது.

நம்ம பேச்சுலயே இருக்குதுங்க: வெயில் படுது, அனல் படுது, புகை படுது. அதனால 'படுகை'. படுகை நேரம், படுகை அளவு, நாள்பட்ட படுகை, எல்லாத்துக்கும் வளையுது. சாயப்பட்டறை பாய்லர்கிட்ட நிக்கறவருக்கு 'வெப்பப் படுகை'ன்னு எழுதலாம், விதைப்பை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவா இருந்தாத்தான் விந்தணு ஒழுங்கா உற்பத்தியாகும்கறப்ப அதையும் சேத்துச் சொல்லியே ஆகணும்.

காவிரிப் படுகையோட குழம்பும்னு சொல்லுவீங்க, எடம் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. 'படல்' எனக்கும் முதல்ல தோணுச்சு, ஆனா எங்கூர்ல அது ஆட்டுப்பட்டிக்கு வெக்கற முள்ளுப் படல். 'புலப்படுகை'ன்னு சேத்தெழுதினா கண்ணுக்குத் தெரியறதாயிரும், அதனால 'புலத்தின் படுகை'ன்னு பிரிச்சே எழுதணும்.

வினைதான் எனக்கு இன்னும் சிக்கலுங்க. 'படுத்துதல்'னு போட முடியாது, 'படச்செய்தல்' நீளுது. ஐயாமாருங்க யாராச்சும் சின்னதா ஒண்ணு சொல்லுங்க.