டேப்பில் அந்தச் சின்னக் கோடு எவ்வளவு? இஞ்ச், பவுண்டு, கேலன் உள்ள ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இஞ்சை சென்டிமீட்டராக்க எதால் பெருக்குவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2.54. அதை போனே சொல்லிவிடும். நான் மாட்டிக்கொண்டது பெருக்கலில் இல்லை, டேப்பைப் படித்ததில்.

வந்த புதிதில், ஜன்னல் சட்டத்துக்குள் உட்காரும்படி ஒரு பிளைண்ட் (ஜன்னல் மறைப்பு) வெட்டி வாங்க அகலம் அளந்தேன். 34-ஐத் தாண்டி ஐந்தாவது சின்னக் கோடு. மில்லிமீட்டரில் பழகிய கை தானாக 34.5 என்று எழுதிவிட்டது. ஆனால் அந்த டேப்பில் ஒரு இஞ்சுக்குள் 16 பாகம். சரியான அளவு 34 5/16, அதாவது 34.3125. வித்தியாசம் 5 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை, ஆனாலும் பிளைண்ட் சட்டத்துக்குள் நுழையவே இல்லை. அளவு சொல்லி வெட்டியதைத் திருப்பியும் எடுக்கவில்லை.

அதனால் எந்த அளவுகோலை எடுத்தாலும் முதலில் இரண்டு எண்களுக்கு நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணிவிடுங்கள். கோடுகளை இல்லை, இடைவெளிகளை. எடை மெஷினில் 10-க்கும் 20-க்கும் நடுவே ஐந்து இடைவெளி என்றால் ஒவ்வொன்றும் 2.

இஞ்ச் டேப் உண்மையில் நமக்கு அந்நியமே இல்லை. நடுவில் நீளமான கோடு அரை, அதைவிடக் குட்டை கால், அடுத்தது அரைக்கால் (1/8), ஆகக் குட்டையானது வீசம் (1/16). தமிழின் பழைய பின்னக் கணக்கு அப்படியே வரிசையாக நிற்கிறது. என் ஜன்னல் 34 இஞ்சும் காலே வீசமும். நான் எழுதியது மூன்று வீசம் கூடுதல். இப்படிப் படித்தால் கோடுகளை எண்ணவே தேவையில்லை, உயரத்தைப் பார்த்தாலே போதும்.

டேப் நுனியில் உள்ள கொக்கி லொடலொடவென்று ஆடுகிறதே என்று தட்டி இறுக்கிவிடாதீர்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கொக்கியை மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும் அதன் கனத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

மனக்கணக்குக்குச் சில. பவுண்டைப் பாதியாக்கிப் பத்தில் ஒரு பங்கு கழித்தால் கிலோ: 150 பவுண்டு, பாதி 75, கழித்தால் 67.5. சரியான விடை 68.04, மோசமில்லை. 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். வெளியே எவ்வளவு வெயில் என்று பார்க்க செல்சியஸை இரட்டித்து 30 கூட்டினால் ஏறக்குறைய ஃபாரன்ஹீட் வந்துவிடும். அதே கணக்கைச் சமையல் அவனுக்கு (oven) போடவே கூடாது. 180 டிகிரி செல்சியஸுக்கு அது 390 காட்டும், உண்மையில் 356.

அப்புறம் கேலன். ஒரே பெயரில் இரண்டு அளவு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். பிரிட்டனில் கேலனுக்கு 40 மைல் ஓடும் கார், அமெரிக்கக் கணக்கில் 33 மைல்தான். பைன்ட் என்ற சின்ன அளவும் இதே கதை: அமெரிக்காவில் 473 மில்லி, பிரிட்டனில் 568. இஞ்சும் பவுண்டும் பரவாயில்லை, 1959-ல் இரண்டு நாடுகளும் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டன.

அவுன்ஸிலும் ஒரு குழப்பம் உண்டு: 'ஃப்ளூயிட்' என்று முன்னால் இருந்தால் கொள்ளளவு, சும்மா அவுன்ஸ் என்றால் பெரும்பாலும் எடை (28.35 கிராம்). மருந்துக்கு இரண்டுமே வேண்டாம். ஊசியில்லா சிரிஞ்சில் மில்லிலிட்டர் பார்த்துக் கொடுங்கள், வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள்.

எடை மெஷின் திடீரென்று உங்கள் எடையை 150 என்று காட்டினால் பதறாமல் அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் அலகு மாற்றும் பட்டன் இருக்கும். யாரோ பவுண்டுக்குத் தட்டிவிட்டிருப்பார்கள்.