புதுப்பிப்பு: புக்கிட் மெர்தாஜாம் கிணற்று நீர்

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டுக் கிணறு இறங்கிக்கொண்டே போகிறது, தண்ணீரும் சிவக்கிறது, குவாரிதான் காரணமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஆய்வு முடிவு வந்துவிட்டது.

நச்சுப் பொருளான ஆர்செனிக், மலேசியக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள்தான். இரும்புதான் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. மொண்டபோது பளிச்சென்றிருந்த வாளித் தண்ணீர் சாயங்காலம் செம்மண் கரைத்ததுபோல் ஆனது அதனால்தான்: கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. இதற்குக் குவாரியை மட்டும் குறை சொல்ல முடியாது.

நீர்மட்டம் வேறு கதை. குவாரிக் குழியில் தண்ணீரை இறைத்தாலும் கிணறு இறங்கும், மழை பொய்த்தாலும் இறங்கும். நீங்கள் சொன்னபடி மழையளவையும் எழுதுகிறோம். காலையில் மோட்டார் போடுமுன், விளிம்பில் சாயம் பூசிய அதே இடத்திலிருந்து அத்தை நாடாவை இறக்கி அளந்து காலண்டரில் குறிக்கிறார். அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்கக் குவாரிக்குத் தள்ளியிருக்கும் கிணறு ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்.